கல்லைக் கோயிலாக்கிய காவலன்

தோற்றுவாய்

உறையூர் பழம்பெருமை வாய்ந்த ஊர். சங்க காலத்தில் சோழ மன்னர்க்கு அது தலைநகராய் விளங்கியது. அங்கு நெய்யப்பெற்ற நுண்ணிய பருத்தியாடைகள் கடல் கடந்து சென்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற கடற்பயண நூலொன்று, அர்கரு என்னும் ஊரின் மெல்லிய ஆடைகளைக் குறிப்பிடுகின்றது. அவ்வூர் உறையூரே என்பர் ஆராய்ச்சியாளர். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை இவ்வூரில் அகழ்ந்து பார்த்தபோது, யவனர் தொடர்பைக் காட்டும் மட்கல ஓடுகள் கிடைத்தன.

உறையூரில் நின்று கிழக்கே நோக்கினால், பெரும்பாறை ஒன்று தனித்து உயர்ந்து நிற்பதைக் காணலாம். அதுவே திருச்சிராப்பள்ளி மலை. தரையினின்றும் ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுடையது அது. மலையின் இடையில் தாயுமானவர் கோயிலும், உச்சியில் பிள்ளையார் கோயிலும் உள்ளன. வடபால் காவிரி பாய்கின்றது. அதற்கு அப்பால் திருவரங்கத் தீவு பசுமையுடன் பொலிகின்றது. நாள்தோறும் மக்கள் பலர் படியேறிச் சென்று வழிபடுகின்றனர். அவர்கள் உச்சிக்குச் செல்லும் வழியிலேயே, பாறையைக் குடைந்து அமைத்த சிறு மண்டபம் ஒன்று இருக்கின்றது. பலர் அதனைக் கண்ணெடுத்தும் பாராமல் கடந்து போகின்றனர். ஆயினும், தமிழகச் சிற்பக்கலையின் வரலாற்றில் அம்மண்டபத்திற்கு உரிய இடம் மிகப் பெரிது.

அதனை ஆக்குவித்தவன் முதலாம் மகேந்திரவர்மன் என்னும் பல்லவ மன்னன். அவனது வாழ்வையும், அவன் கொண்ட சமயப்பற்றுக் கல்லில் உருவம் பெற்ற வகையையும் இப்பாடத்தில் காண்போம்.

காஞ்சிக் காவலன்

பல்லவர் காஞ்சிமாநகரைத் தலைநகராகக் கொண்டு தொண்டை நாட்டை ஆண்டவர். ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்குலத்தில் சிம்மவிஷ்ணு என்பவன் அரசு வீற்றிருந்தான். அவன் சோழ நாட்டை வென்று, பல்லவர் ஆட்சியைக் காவிரிக்கரை வரையில் பரப்பினான். அவனுக்கு மைந்தனாய்த் தோன்றியவனே மகேந்திரவர்மன். இவன் கி.பி. 600ஐ ஒட்டி அரியணை ஏறி, 630 வரையில் ஆண்டான் என்று கணக்கிடுவர். அரசேற்ற ஆண்டைச் சற்று முன்னதாகக் கொள்வாரும் உளர்.

மகேந்திரவர்மன் தனக்குப் பல பட்டப்பெயர்களைச் சூட்டிக்கொண்டான். அவன் அமைத்த கோயில்களின் தூண்களில் அவை இன்றும் காணப்படுகின்றன. புதுமையை நாடும் உள்ளம் உடையவன் ஆதலின் விசித்திரசித்தன் என்றும், ஓவியர்களுள் புலி போன்றவன் ஆதலின் சித்திரகாரப்புலி என்றும், நற்பண்புகளைத் தாங்குபவன் ஆதலின் குணபரன் என்றும், பகைவர்க்கு மல்லன் ஆதலின் சத்துருமல்லன் என்றும் அவன் அழைக்கப்பெற்றான். மத்தவிலாசன், இலளிதாங்குரன், அவனிபாசனன் என்பனவும் அவன் பெயர்களே. வீரத்தைக் குறிக்கும் பெயர்களோடு கலையைக் குறிக்கும் பெயர்களையும் அவன் விரும்பி ஏற்றமை கருதத்தக்கது.

இவன் நூல் இயற்றுவதிலும் வல்லவன். வடமொழியில் மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை எழுதினான். நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூல் 1917ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. காஞ்சி நகரத் தெருவில் கபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுக் கலத்தை இழந்துவிடுகின்றான். பௌத்தத் துறவி ஒருவர்மேல் ஐயம் கொண்டு வழக்காடுகின்றான். பாசுபதன் ஒருவன் இடையே புகுகின்றான். வழக்கு முற்றுகின்றது. உண்மையில் அக்கலத்தைக் கவ்விச் சென்றது நாய்! சமயத்தின் பெயரால் வேடம் புனைந்து திரிந்தாரை மன்னன் இந்நாடகத்தில் எள்ளி நகையாடினான். போலிச் சமயத்தைக் கண்டு நகைத்த இவ்வுள்ளமே, பின்னர் மெய்யான பற்றினால் மலையைக் குடைந்து கோயில் எடுத்தது.

மகேந்திரவர்மன் ஆட்சியில் போரும் இல்லாமல் இல்லை. வாதாபியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பெரும்படையுடன் தெற்கு நோக்கி வந்தான். பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்கச் செய்ததாக, 634ஆம் ஆண்டில் பொறிக்கப்பெற்ற ஐகொளெக் கல்வெட்டுக் கூறுகின்றது. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று பிற்காலப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு கூறுகின்றது. இருபாலாரும் தத்தம் வெற்றியையே எழுதி வைத்தனர். அப்போரினால் இவன் வடக்கே சில பகுதிகளை இழந்தான். காஞ்சியை மட்டும் இழக்கவில்லை.

அழியாப் பொருளை நாடியவன்

மகேந்திரவர்மனுக்கு முன்னர்த் தமிழகத்துக் கோயில்கள் செங்கல், மரம், சுண்ணாம்பு, உலோகம் ஆகியவற்றால் கட்டப்பெற்றன. அவை மழையாலும் வெயிலாலும் தீயாலும் காலப்போக்கில் அழிந்தன. ஆதலின், சங்க நூல்களில் கூறப்பெறும் கோயில்களுள் ஒன்றேனும் அதே கட்டடமாக இன்று நமக்குக் கிட்டவில்லை.

கல்லைத் தமிழர் அறியாதவர் அல்லர். போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நாட்டி, அதில் பெயரும் பீடும் எழுதி வழிபட்டவர் அவர். இறந்தாரைப் புதைத்த இடங்களில் பெருங்கற்களை நிறுத்தியவரும் அவரே. கல் இறந்தாரோடு இயைந்த பொருளாய் இருந்தமையால், கோயிற் கட்டடத்திற்கு அதனைக் கொள்ளத் தயங்கினர் போலும் என்று அறிஞர் சிலர் கருதுவர்.

இத்தயக்கத்தை மகேந்திரவர்மன் நீக்கினான். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மண்டகப்பட்டில் அவன் ஒரு பாறையைக் குடைவித்து, நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் கருவறைகள் அமைத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி இக்கோயிலை ஆக்கியவன் விசித்திரசித்தன் என்னும் கருத்து அங்குக் கல்வெட்டாகப் பொறிக்கப்பெற்றுள்ளது. அச்சொற்களில் புதியதொன்றைச் செய்து முடித்தவனின் மகிழ்ச்சி புலப்படுகின்றது. அவன் தன் நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய கோயில்களை எடுத்தான். தளவானூரில் சிவனுக்கும், சீயமங்கலத்தில் சிவனுக்கும், மகேந்திரவாடியில் தன் பெயரால் வெட்டிய ஏரியின் கரையில் திருமாலுக்கும் குடைவரைகள் தோன்றின. சீயமங்கலத்தில் காணப்படும் ஆடவல்லான் உருவம் தமிழகத்தில் கிடைத்துள்ள பழைய ஆடல் வடிவங்களுள் ஒன்றாகும்.

கருங்கல்லைக் குடைதல் எளிய செயலன்று. முற்றுப்பெறாமல் நின்றுபோன மாமல்லபுரத்துக் குடைவரைகள் அத்தொழிலின் முறையை நமக்குக் காட்டுகின்றன. சிற்பிகள் பாறையின் முகத்தை முதலில் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்தனர். சதுரங்களின் ஓரங்களில் உளியால் ஆழமான கீற்றுகளை வெட்டினர். பின்னர் இடையில் எஞ்சி நின்ற பகுதிகளைத் தட்டி உடைத்து எடுத்தனர். மீண்டும் அவ்வாறே செய்து, உள்ளே உள்ளே சென்றனர். தூண் நிற்கவேண்டிய இடத்தையும் உருவம் எழவேண்டிய இடத்தையும் தொடக்கத்திலேயே கணித்து விட்டுவைத்தனர். கட்டும் கோயிலில் ஒரு கல் பழுதுபட்டால் வேறு கல் வைக்கலாம். குடைவரையில் அது இயலாது. ஓர் உளி வீச்சுப் பிழைத்தாலும் பிழைத்ததே. ஆதலின் சிற்பிக்குக் கைத்திறனோடு பொறுமையும் அச்சமும் வேண்டியிருந்தன. தெய்வத்திற்கு என்று செய்கின்றோம் என்னும் எண்ணமே அப்பொறுமையை அளித்தது எனலாம். அச்சிற்பிகளுள் மிகப்பலருடைய பெயர்களை நாம் அறியோம். அவர்தம் கைவேலையை மட்டுமே அறிவோம்.

மன்னனும் நாவுக்கரசரும்

மகேந்திரவர்மன் காலத்தில் தமிழகத்தில் சைவம், வைணவம், சமணம், பௌத்தம் ஆகிய சமயங்கள் அருகருகே வாழ்ந்தன. அவற்றினிடையே வாதமும் போட்டியும் மிகுந்தன. அக்காலத்தில் வாழ்ந்தவரே திருநாவுக்கரசர். அவர் திருவாமூரில் பிறந்து, இளமையில் சமணம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் சிறந்து விளங்கினார். பின்னர்ச் சூலைநோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரிடம் வந்து, திருவதிகையில் சிவநெறியை ஏற்றார்.

பின் நிகழ்ந்தவற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் கூறுகின்றது. சமண நெறியில் நின்ற பல்லவ மன்னன் நாவுக்கரசரை நீற்றறையில் அடைப்பித்தான், நஞ்சு ஊட்டுவித்தான், யானையை ஏவினான், இறுதியில் கல்லோடு பிணைத்துக் கடலில் எறிவித்தான். அக்கல்லே தெப்பமாய் மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்தது. மன்னன் மனம் மாறிச் சைவன் ஆனான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அக்கற்களைக் கொணர்ந்து, திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுத்தான்.

சேக்கிழார் மன்னனை மகேந்திரவர்மன் என்று பெயர் சுட்டிக் கூறவில்லை. எனினும், குணபரன் என்பது இவனுக்குரிய பெயராதலின், அம்மன்னன் இவனே என்று அறிஞர் பலர் துணிந்தனர். இவன் மாற்று நெறியினின்றும் திரும்பிய செய்தியைத் திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டும் குறிப்பாக உணர்த்துகின்றது. அக்கல்வெட்டின் சொற்கள் இருபொருள் படுவன என்று கூறி ஐயுறுவாரும் உளர்.

இவ்வரலாற்றில் நாம் மறத்தலாகாத ஒன்று உண்டு. பாடலிபுத்திரத்துப் பள்ளி கல்விக்குப் பெயர்பெற்ற இடம். கி.பி. 458ஆம் ஆண்டில் உலோகவிபாகம் என்னும் சமண நூல் அங்கே எழுதப்பெற்றது. புராணம் கூறுமாறு அப்பள்ளி இடிக்கப்பெற்றதாயின், ஒரு நெறியிற் கொண்ட பற்று மற்றொரு நெறியின் கலையையும் கல்வியையும் அழித்தது என்பது பொருளாகும். கல்லைக் கட்டி ஒருவரைக் கடலில் எறிந்ததும் சமயத்தின் பெயராலேயே. பள்ளியை இடித்ததும் சமயத்தின் பெயராலேயே. சமயப்பற்று வெறுப்பொடு கூடும்பொழுது நேரும் தீமையை இவ்விரு செயல்களும் காட்டுகின்றன. அதே பற்று அன்பொடு கூடும்பொழுது யாது விளையும் என்பதனைச் சிராப்பள்ளி மலை காட்டுகின்றது.

எனினும், சமணமும் பௌத்தமும் அப்போதே நாட்டை விட்டு அகலவில்லை. மகேந்திரவர்மனுக்குப் பின், கி.பி. 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், அங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள் இருந்தன என்றும், சமணர் பலர் வாழ்ந்தனர் என்றும் எழுதினார். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றம் இன்றும் சமணக் காஞ்சி என்றே வழங்குகின்றது.

மலைமேல் எழுந்த கோயில்

இனித் திருச்சிராப்பள்ளி மலைக்குச் செல்வோம். மகேந்திரவர்மன் அங்கு வருமுன்பே அம்மலை துறவியர்க்கு உறைவிடமாய் இருந்தது. உச்சிக்கு அருகில், இயற்கையாய் அமைந்த குகையில், சமண முனிவர் படுத்துறங்கிய கற்படுக்கைகள் உள்ளன. அவற்றின் அருகே மிகப் பழைய எழுத்துகளும் காணப்படுகின்றன. ஊர்ப்பெயரில் உள்ள பள்ளி என்னும் சொல்லும் அத்துறவியர் வாழ்வை நினைவூட்டுகின்றது.

மகேந்திரவர்மன் இம்மலையில் குடைவித்த கோயிலுக்குத் தன் பட்டப்பெயரால் இலளிதாங்குர பல்லவேச்சுர கிருகம் என்று பெயரிட்டான். மண்டபம் தெற்கு நோக்கியது. முகப்பில் நான்கு தூண்கள் நிற்கின்றன. அவை மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எட்டுப்பட்டையாகவும் அமைந்தவை. சதுரப் பகுதிகளில் தாமரை மலர்கள் செதுக்கப்பெற்றுள்ளன. மண்டபத்தின் கீழ்ச்சுவரில் மேற்கு நோக்கிய கருவறை உண்டு. வாயிலின் இருபுறமும் காவலர் உருவங்கள் நிற்கின்றன. கருவறை இன்று வெறுமையாய் உள்ளது.

கருவறைக்கு நேர் எதிரே, மேற்குச் சுவரில், கங்காதரர் சிற்பம் விளங்குகின்றது. வானினின்றும் வீழ்ந்த கங்கையின் வேகத்தை உலகம் தாங்காது என்று பகீரதன் வேண்ட, சிவபெருமான் அதனைத் தம் சடையில் ஏற்றார் என்பது புராணம். சிற்பி அந்நிகழ்ச்சியை ஒரே சுவரில் அடக்கியுள்ளான். பெருமான் நான்கு கைகளுடன் நிமிர்ந்து நிற்கின்றார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றொரு காலைப் பூதகணம் ஒன்றன்மேல் வைத்துள்ளார். ஒரு கை சடையின் புரி ஒன்றை நீட்டிப் பிடிக்கின்றது. கங்கை சிறு பெண்ணுருவாய் அச்சடையை நோக்கி இறங்கி வருகின்றாள். அடியில் அன்பர்கள் மண்டியிட்டு வணங்குகின்றனர். மேலே வானவர் பறந்து வருகின்றனர். உலகையே அழிக்கவல்ல வெள்ளம் ஒரு மயிர்க்கற்றையில் அடங்குகின்றது. பெருமான் முகத்திலோ சிறிதும் முயற்சியின் அடையாளம் இல்லை. ஆற்றல் மிக்கது அமைதியாய் இருக்கும் என்னும் உண்மையை அம்முகம் நமக்கு உணர்த்துகின்றது.

தமிழகத்துக் குடைவரைகளில் அதற்குமுன் வாயிற்காவலர் போன்ற சில உருவங்களே பெரிதாய்ச் செதுக்கப்பெற்றன. ஒரு புராண நிகழ்ச்சி முழுவதையும் சுவரளவாகக் காட்டும் பெருஞ்சிற்பம் இங்குத்தான் முதன்முதல் தோன்றியது என்பர். கங்கையைத் தாங்கும் பெருமானைக் காவிரியை நோக்கிய மலையில் அமைத்தது ஏன்? இச்சிற்பத்தின் இருபுறமும் உள்ள தூண்களில் வடமொழியில் பொறிக்கப்பெற்ற பாடல்கள் இதற்கு விடை கூறுகின்றன. ஹூல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் அவற்றைப் படித்து, 1890ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளிப்படுத்தினார்.

அப்பாடல்களின் கருத்து மிகச் சுவையுடையது. நிலத்தில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் எவ்வாறு காண்பேன் என்று சிவபெருமான் வினவினாராம். அதனால் மன்னன் முகில் தவழும் மலையில் அவருக்கு இக்கோயிலை அமைத்தானாம். ஆறுகளை விரும்பும் பெருமான் சோலைகளை மாலையாக அணிந்த காவிரியின் அழகில் மயங்கிவிடக்கூடும் என்று அஞ்சி, மலைமகள் தன் பிறந்தகத்தை விடுத்து இங்கேயே வந்து தங்கினாளாம். காவிரி பல்லவனுக்கு உரியவள் என்றும் கூறினாளாம். இம்மலை சோழ நாட்டின் மணிமுடி போன்றது. கோயில் அம்முடியில் பதித்த மணி போன்றது என்றும் ஒரு பாடல் கூறுகின்றது.

இவற்றில் பத்தியும் உண்டு, அரசியலும் உண்டு. மலையடியில் பரந்து கிடப்பது உறையூர். அது சோழரின் பழைய தலைநகர். அந்நகரம் காணுமாறு, அதன் தலைக்குமேல், வென்ற பல்லவன் தன் தெய்வத்தை நிறுத்தினான். காவிரியைத் தனக்கு உரியவள் என்றான். ஆயினும், அவன் நாட்டிய வெற்றித்தூண் கோயில் வடிவு கொண்டமையால், தோற்றவரும் அதன் முன் கைகுவிக்க முடிந்தது. உளியால் கல்லில் உருவம் அமைந்தபோது மன்னனின் புகழுடம்பும் நிலைபெற்றது என்று மற்றொரு பாடல் கூறுகின்றது. இதனை வைத்து, கங்காதரர் முகத்தில் மன்னனின் சாயலும் அமைந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் உய்த்துணர்வர்.

யவனர் நாட்டில்

சமயம் சிற்பத்தை வளர்த்தது தமிழகத்தில் மட்டுமன்று. உறையூர் ஆடைகளை விரும்பி வாங்கிய யவனருள் கிரேக்கரும் அடங்குவர். அவர் நாட்டில் வெண்மையான பளிங்குக்கல் மிகுதி. ஏதென்சு நகரத்தார் கி.மு. 447 முதல் 432 வரை உழைத்துத் தம் நகரத் தெய்வமாகிய அதீனாவுக்குப் பார்த்தினான் என்னும் பளிங்குக் கோயிலை எழுப்பினர். பிதியாசு என்னும் பெருஞ்சிற்பி அதன் சிற்பப் பணியை மேற்பார்த்தான். அந்நகரத்தார் தெய்வத்தின் விழாவுக்கு ஊர்வலமாய்ச் செல்லும் காட்சி கோயிலின் சுவரில் நீண்ட வரிசையாய்ச் செதுக்கப்பெற்றது.

கிரேக்கர் தம் தெய்வங்களை மக்கள் வடிவிலேயே எண்ணினர். ஆதலின் மனித உடலின் அளவையும் அழகையும் குறைவின்றிக் காட்டுவதே அவர்க்குத் தெய்வத்திற்குச் செய்யும் தொண்டாயிற்று. நம் சிற்பிகளும் மனித வடிவையே அடிப்படையாகக் கொண்டனர். எனினும், இறைவன் ஆற்றல் மனிதனைக் கடந்தது என்பதனைக் காட்ட நான்கு கைகளையும் சடையையும் பாம்பையும் சேர்த்தனர். மென்மையான பளிங்கில் நரம்பும் மடிப்பும் நுட்பமாய் அமைந்தன. வன்மையான கருங்கல்லில் சிறு நுணுக்கங்கள் எளிதில் அமையா. ஆதலின் நம் சிற்பிகள் நிற்கும் நிலையாலும் உடலின் வளைவாலும் உயிர்ப்பைக் காட்டினர். கல் வேறு, கடவுட் கொள்கை வேறு, எனவே சிற்பமும் வேறாயிற்று. இரண்டிற்கும் அடியில் நின்ற பற்று ஒன்றே.

பார்த்தினான் பிற்காலத்தில் கிறித்தவக் கோயிலாகவும் பின்னர் இசுலாமியர் பள்ளிவாசலாகவும் மாறியது. 1687ஆம் ஆண்டில் போர் ஒன்றில் வெடிமருந்து வெடித்து அது சிதைந்தது. மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் குடைவித்த கோயிலும் பிற்காலத்தில் இசுலாமியரின் வழிபாட்டிடமாயிற்று. ஒரு நெறியினர் அமைத்த கல் மற்றொரு நெறியினர்க்கும் நிழல் தருகின்றது.

வழிவந்தோர்

மகேந்திரவர்மனுக்குப் பின் அவன் மைந்தன் நரசிம்மவர்மன் பட்டம் எய்தினான். அவன் கி.பி. 642ஆம் ஆண்டில் வாதாபியைக் கைப்பற்றித் தந்தை காலத்துப் பகையை முடித்தான். மாமல்லன் என்னும் அவன் பெயரால் மாமல்லபுரம் வழங்குகின்றது. தந்தை தொடங்கிய கல்வேலை அங்கே கடற்கரையில் பெருகி வளர்ந்தது. அவ்வூரிலுள்ள ஆதிவராகர் குடைவரையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்களுடன் இரண்டு அரசர் உருவங்கள் தேவியரோடு காணப்படுகின்றன. அவர்கள் நாம் கூறிய தந்தையும் மைந்தனுமே என்று பலர் கருதுவர். ஏறத்தாழ எழுநூறாம் ஆண்டில் இராசசிம்மன் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கற்களை அடுக்கியே கட்டினான். பின்னர்ச் சோழர் எழுந்தனர். முதலாம் இராசராசன் தஞ்சையில் எடுத்த பெருங்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இவை யாவற்றிற்கும் வித்து மண்டகப்பட்டிலும் சிராப்பள்ளியிலும் ஊன்றப்பெற்றது. சோழரின் மலைக்குப் பல்லவன் இட்ட மணிமுடி, பின்னர்ச் சோழர்க்கே வழிகாட்டியாயிற்று.

முடிவுரை

மகேந்திரவர்மன் வென்ற ஊர்கள் பிறர் கைக்குச் சென்றன. அவனது குலமும் ஒன்பதாம் நூற்றாண்டோடு ஆட்சி இழந்தது. அவன் காலத்துச் சமய வாதங்களில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதனை இன்று ஏட்டிலேயே காண்கின்றோம். கல்லில் அவன் வைத்த அன்பு மட்டும் கண்முன் நிற்கின்றது.

திருச்சிராப்பள்ளி மலையில் சமணரின் கற்படுக்கைகள் உள்ளன. மகேந்திரவர்மனின் சிவன் கோயில் உள்ளது. மலையின் அடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரை ஒன்றும் உள்ளது. அதில் சிவனுக்கும் திருமாலுக்கும் அமைந்த கருவறைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஒரே பாறை இவை அனைத்தையும் சுமக்கின்றது. அதற்கு இவை எவையும் பகையாகத் தோன்றவில்லை.

அடுத்த முறை அம்மலையில் ஏறும்போது, உச்சிக்கு விரைவதற்குமுன் அச்சிறு மண்டபத்தில் சற்றே நிற்போமாக. கங்கையைச் சடையில் தாங்கும் பெருமானைக் காண்போமாக. அவ்வுருவைச் செதுக்கிய பெயரறியாச் சிற்பியின் கைகளையும், அவனை ஏவிய மன்னனின் உள்ளத்தையும் எண்ணுவோமாக. சுவரில் எழுதியும் கல்லைக் கீறியும் அப்பழஞ்செல்வத்தைக் கெடுக்காமல் காப்பது நம் கடன். பற்று என்பது ஒன்றை ஆக்குவதற்கே அன்றி, ஒன்றை அழிப்பதற்கு அன்று என்னும் பாடத்தையும் அம்மலையிலிருந்து கற்றுக்கொண்டு இறங்குவோமாக.